சாவி போடாமல் எரிந்த விளக்குகள்

பிள்ளைகளே, நம் பழைய வேனைப் பற்றி நான் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

அந்த மழைக்காலத்தில், சாவி என் சட்டைப்பையில் இருக்கும்போதே வேனின் நான்கு மஞ்சள் விளக்குகளும் தானாக விட்டுவிட்டு எரியும். அணைத்தாலும் மறுபடி எரியும். பயந்துபோய் தாராவி மெக்கானிக் இசக்கியிடம் காட்டினேன்.

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நாலு வெளக்கையும் சேத்து மின்ன வைக்கிற ஹசார்டு சுவிட்சுக்குள்ள தண்ணி எறங்கியிருக்கு. வண்டிய விட்டுட்டுப் போங்க, நாளைக்கு மாத்திருதேன்" என்றார்.

எனக்குப் பொறுமையில்லை. வீட்டுக்கு வந்து அந்த விளக்கின் ஃபியூஸை நானே பிடுங்கிவிட்டேன். விளக்குகள் அடங்கின.

மறுநாள் காலை தகரக் கூரைகளில் மழை கொட்டியது. வேனை ஓட்டிக்கொண்டு போன சந்தில் ஒரு சிறுமி குடையோடு முன்னால் போனாள். ஹாரனை அழுத்தினேன். சத்தமே வரவில்லை. பிரேக்கை மிதித்தேன். வேன் அவள் குடையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அவள் திரும்பி, "என்ன அங்கிள், பேய் மாதிரி சத்தமில்லாம வாறீங்க?" என்று சிரித்தாள்.

ஹாரனுக்கும் அந்த விளக்குக்கும் ஒரே ஃபியூஸ் என்று பிறகுதான் இசக்கி சொன்னார். வண்டியில் பேய் என்று பயந்தவன் நான். அவள் பேய் என்றது என்னைத்தான்.

அன்று மாலை வேனில் தனியாக உட்கார்ந்து ஃபியூஸைத் திரும்பச் செருகினேன். விளக்குகள் தானாக எரியத் தொடங்கின. எரியட்டும் என்று விட்டுவிட்டு, ஹாரனை ஒரு தடவை மெல்ல அழுத்திப் பார்த்தேன்.