புயலுக்கு முன்னால் ஒரு காதுகுத்து

எனக்கு ஐந்து வயதாகியும் காது மூளியாகவே இருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அம்மாவின் தம்பியோ, அடுத்த தையில் சீரோடு வருகிறேன் என்று சொல்லியே வருடங்களை ஓட்டிக்கொண்டிருந்தார். மாமா வீடு கடலோரத்தில், பெரிய அலை அடித்தாலே வாசல் நனைகிற பள்ளத்தில் இருந்தது. புயல் அறிவிப்பு வந்தால் ஊரே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். மாமா மட்டும் வீட்டைவிட்டு அசைய மாட்டார். அவரை விட்டு மாமியும் பிள்ளைகளும் போக மாட்டார்கள்.

அந்தக் கார்த்திகையில் டிவி முழுக்கப் புயல்தான். அம்மா போனில் கெஞ்சினாள், அழுதாள். "நான் பாக்காத காத்தா, அக்கா?" என்று சிரித்தார் மாமா. சிறிது நேரம் கழித்து அம்மா மறுபடியும் கூப்பிட்டாள்.

"நாளைக்கு இவளுக்குக் காதுகுத்து. குடும்பத்தோட வந்து சேரு. வரலேன்னா பக்கத்து வீட்டுக்காரர் மடியில வச்சுக் குத்திருவேன்."

அப்பா திகைத்துப்போனார். "இம்புட்டு மழைக்குள்ள, நாளும் பாக்காம என்னடி காதுகுத்து?"

"எந்தம்பி உசுரோட இருக்கணும். வேற வழி இருந்தாச் சொல்லுங்க."

அப்பா காது குத்தும் ஆசாரியிடம் சொல்லிவைக்கச் சித்தையன்கோட்டைக்குக் கிளம்பினார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பத்திரிகை இல்லை, மைக் செட் இல்லை, கிடாக்கறி இல்லை. இதெல்லாம் ஒரு காதுகுத்தா? மறுநாள் நிலக்கோட்டை பஸ்ஸிலிருந்து மாமா குடும்பம் நனைந்துகொண்டே இறங்கியது. தன் மடிக்கு இன்னொருவன் போட்டிக்கு வருவதா என்ற ரோஷம் மாமா முகத்தில் அப்படியே இருந்தது. ஆசாரி குத்தினார், நான் ஊரைக் கூட்டினேன். சாப்பிட்ட கையோடு மாமா கிளம்பப் பார்த்தார். குத்திய அன்றே தாய்மாமன் வாசல் தாண்டினால் பிள்ளைக்குக் காது சீழ் பிடிக்கும் என்று அம்மா கூசாமல் ஒரு சாஸ்திரத்தை உண்டாக்கினாள். ஆசாரியும் ஆமாம் போட்டார்.

விடிந்ததும் மாமா ஊரிலிருந்து போன் வந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பத்திரம். கடல் உள்ளே வந்ததில் மாமா வீடு இருந்த தெருதான் இல்லை. பிறகு மாமா மேட்டில் வீடு கட்டினார். இப்போது அறிவிப்பு வந்தால் பள்ளிக்கூடத்தில் முதலில் பாய் விரிப்பவர் அவர்தான்.

அன்று போனை வைத்ததும் மாமா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, என் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் குலுங்கி அழுதார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அழுகாதீங்க மாமா," என்றேன். "இப்ப வலிக்கல."