வேலிக்குருவியும் நாணல்குருவியும்

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அதன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்ட வருஷம், காலடிப்பேட்டை வீட்டில் ஜன்னலோரக் கட்டிலிலேயே கிடந்தார். பள்ளிக்கூடத்தில் தொண்டை வறளக் கத்திவிட்டு வந்து, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, சமைத்து முடிப்பதற்குள் எனக்குப் பேசத் தெம்பிருக்காது. அவரும் பேச மாட்டார். மார்கழியில் வேலிக்கு வந்து 'டக், டக்' என்று நாக்கைத் தட்டுவதுபோல் கத்தும் பழுப்புக் குருவியைப் பற்றி மட்டும் ஏதாவது சொல்வார்.

"எண்ணூர் நாணல்லயும் இதே குருவி தான் கீது."

"அது வேறங்க."

"படிச்ச திமிருமே உனக்கு," என்று திரும்பிப் படுத்தார்.

ஒரு ஞாயிறு காலை அந்த வேலிக்குருவியைப் பூனை அடித்துப் போட்டிருந்தது. அதற்குள் கம்பூன்றி நடக்கத் தொடங்கியிருந்த அவர் அதை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினார். "வா, எண்ணூருக்கே போய்ப் பார்த்துடலாம்."

எனக்கு அந்த ஒரு நாளாவது படுத்துக் கிடக்க வேண்டும்போலிருந்தது. ஆனாலும் போனோம். கம்பூன்றி ரயிலேறுவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

கழிமுகத்தில் நாணல்மேல் காயப்போட்ட வலையில் ஒரு குருவி சிக்கியிருந்தது. வலைக்காரர் அதைப் பிரித்தெடுத்து, "புடி நைனா, பாத்துட்டு வுட்டுடு," என்று இவர் கையில் கொடுத்தார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். ஒரே அளவு, ஒரே பழுப்பு. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உற்றுப் பார்த்தபோதுதான் புரிந்தது. நாணல்குருவியின் முதுகில் செம்மை அதிகம். அதன் வெளிறிய புருவம் கண்ணைத் தாண்டி நீண்டது. மேலே ஒரு கருங்கோடு. வேலிக்குருவியின் புருவமோ கண்ணருகிலேயே மங்கிப் போனது. அலகும் சற்று நீளம்.

"ஆமாமே, வேற தான்," என்று கையை விரித்தார். குருவி நாணலுக்குள் போயிற்று. அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இனிமே ஏணி ஏற முடியாதாம். டாக்டரு அப்பவே சொல்லிட்டாரு. உங்கிட்ட சொல்ல வாய் வரல."

அழுகை வரவில்லை. கால் வலித்தது. அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன்.

"வேற வேலை பாக்கலாம்ங்க," என்றேன்.

திரும்பும் ரயிலில் இருவரும் தூங்கிப்போய், இறங்க வேண்டிய திருவொற்றியூரைத் தவறவிட்டுக் கொருக்குப்பேட்டையில் விழித்தோம். தை பிறந்ததும் வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடை ஒன்றில் துணி மடிக்கச் சேர்ந்தார். அதன்பின் சாயங்காலங்களில் இருவருமே களைத்து வந்து, யார் அடுப்பு மூட்டுவது என்று பேசிக்கொண்டிருப்போம்.