கணக்கில் போகும் பஸ்

கரும்பலகையில் பஸ் ஒன்று மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பியதுமே, பெஞ்சுக்கு அடியில் மரியசூசையின் வலது கால் தரையை அழுத்தும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்த வேகத்தில் ஒரு பஸ் திருமலைராயன்பட்டினம் கடைத்தெருவுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும், சிரிக்கிறவர்களுக்குத் தெரியாது.

தலத்தெருக்காரர். காரைக்கால் – நாகப்பட்டினம் தனியார் பஸ்ஸில் பன்னிரண்டு வருஷமாக டிரைவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில், இரண்டு டிரிப்புகளுக்கு நடுவே காக்கிச் சட்டையோடு டுட்டோரியல் மாடி ஏறிக்கொண்டிருந்தார். அரசாங்க ஜீப் ஓட்ட எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்க வேண்டுமாம். ஜீப் கிடைத்தால் ஞாயிறு லீவு, பூசைக்குப் பிள்ளைகளோடு போகலாம். விஞ்ஞானத்தில் ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. வேளாங்கண்ணித் திருவிழா வந்தால் வயது வரம்பும் தாண்டிவிடும். இதுதான் கடைசித் தடவை.

பாடம் நடத்தும் அன்னபூரணிக்கு இருபத்துமூன்று வயது. காலையில் அவருடைய பஸ்ஸில்தான் வருவாள். அங்கே அவர் அவளுக்கு அண்ணன். மாடியில் அவள் அவருக்கு டீச்சர்.

நிலைமம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "பிரேக் போட்டா நிக்கிறவன் முன்னால சாயிறான். இதக் கண்டுபுடிக்க ஒருத்தன் சீமையில பொறக்கணுமாக்கும்?" உதாரணம் கேட்டால், தன் பஸ் கண்டக்டர் நூகு பிரேக்கில் விழுந்த இடத்தையும் தேதியையும் எழுதி வைப்பார்.

உதைத்தது சீரான வேகம்தான். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் சீராகப் போகும் பஸ், இருபது கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரமாகும்? வகுப்பே அரை மணி என்றது. மரியசூசைக்கு மட்டும் நாற்பது நிமிஷம் வந்தது.

"பத்து நிமிஷம் எங்கேருந்து வந்துச்சுண்ணே?"

"செக்போஸ்டு, டீச்சர்."

எல்லைக்கு இந்தப் பக்கம் பாண்டிச்சேரி ஆட்சி, சாராயக்கடை திறந்திருக்கும். அந்தப் பக்கம் தமிழ்நாடு, மதுவிலக்கு. பஸ்ஸில் போலீஸ் ஏறிக் கருவாட்டுக் கூடைவரை கிளறிப் பார்க்காமல் எந்த வண்டியும் நாகைக்குப் போனதில்லை.

"இது கணக்குல போற பஸ்ஸுண்ணே. எங்கயும் நிக்காது."

"கணக்குல போனாலும் டிரைவர்னு ஒருத்தன் இருப்பான்ல? நிக்காம போனா அவன் லைசென்சு என்னாவுறது?"

பரீட்சைக்கு முதல் நாள் அன்னபூரணி கெஞ்சியே விட்டாள். "உங்களுக்குப் புண்ணியமா போவும். நாளைக்கு ஒருநாள் மட்டும் நிக்காம போயிடுங்கண்ணே."

"மாதா மேல ஆணையா நிக்க மாட்டேன்."

மறுநாள் வினாத்தாளில் அச்சு அசலாக அதே கணக்கு. மரியசூசை பல்லைக் கடித்துக்கொண்டு முப்பது நிமிஷம் என்று எழுதினார். மணியடிக்க இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வாசல்வரை போனவர், நின்றார். திரும்பி வந்தார்.

"ஒரு நிமிஷம் குடுங்க சார்."

தாளை வாங்கிப் பிரித்து, விடைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதினார்: ‘செக்போஸ்ட் நீங்கலாக’.