முதலில் ஆன் செய்த தேதி

பிரேசில் எல்லை ஊரான சியுதாத் தெல் எஸ்தேயில், எல்லைப் பாலத்தை ஒட்டிய கடைகளில் மூடின பெட்டியை நம்பிப் பணம் கொடுப்பவர் யாரும் கிடையாது. பெட்டியைத் திறந்தால் சோப்புக் கட்டி, பெட்டியைத் திறந்தால் ஓட்டுத் துண்டு என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். அதனால் ஒவ்வொரு போன் கடையிலும் கண்ணாடி மேசைக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும். வாங்குகிறவர் கண்ணெதிரே உறையைப் பிரித்து, போனை ஆன் செய்து, ஒரு படம் எடுத்து, யாருக்காவது பேசிக் காட்டி, "சரிதானே?" என்று கேட்பதுதான் அந்த ஆளின் வேலை. லிப்ராதா ஓவேலார் பதினோரு வருடமாக அந்த வேலையைச் செய்துவந்தாள்.

பொறுமைசாலி என்று அவளுக்கு அந்த வரிசை முழுக்கப் பெயர். பிரேசிலிலிருந்து மூட்டை மூட்டையாகச் சாமான் வாங்க வருகிற பெண்கள் மேசையைத் தட்டிக் கத்துவார்கள். லிப்ராதா முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. அதைப் பொறுமை என்று சொல்வது ஊராரின் நல்ல மனசு. உண்மையில் அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை, அவ்வளவுதான். கணவன் எவுசேபியோ கண்மூடிய நாளிலிருந்து அப்படி. சாப்பிட்டாள், பஸ் பிடித்தாள், கடையைத் திறக்க வந்தாள், வெயில் அடித்தால் அடித்தது, மழை பெய்தால் பெய்தது.

போன செப்டம்பரில் போன் கம்பெனிக்காரன் ஓர் அறிவிப்பு விட்டான். புதுப் போன் வாங்கினால் ஐந்து ஆப் இலவசம். எழுத ஒன்று, கணக்குப் போட ஒன்று, படம் வெட்டி ஒட்ட ஒன்று, இப்படி. ஓசியில் கொடுக்கிறவனுக்குக் கொடுக்கத்தான் மனசு வருமா? கீழே பொடி எழுத்தில் நிபந்தனை. போன் செப்டம்பர் முதல் தேதிக்கு முன்னால் ஒரு முறை கூட ஆன் ஆகியிருக்கக் கூடாது. ஆகியிருந்தால் காசு கட்டு. கடைக்காரன் எழுதிக் கொடுத்த பில்லை அவன் மதிப்பதில்லை. அந்தப் போன் முதன்முதலாக எந்த நாளில் ஆன் ஆனதோ, அந்த நாள் அவன் கம்ப்யூட்டரில் பதிவாகிவிடுகிறது. யார் கெஞ்சினாலும் மாறாது.

அன்றிலிருந்து லிப்ராதாவின் வேலை இரண்டு மடங்கானது. இதற்கு உண்டா, அதற்கு உண்டா என்று ஆட்கள் வரிசை கட்டி நின்றார்கள். அவள் போனின் நம்பரைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தேதியைப் பார்த்து, உண்டு, இல்லை என்று சொல்வாள். இந்தச் சாக்கில் பல பேருடைய குட்டு வெளிப்பட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் பழைய போனைத் துடைத்துப் புதிது என்று தலையில் கட்டியது தெரிந்தது. கல்யாணப் பரிசாக வந்த போன் மாப்பிள்ளையின் முன்னாள் காதலி வைத்திருந்தது என்று தெரிந்து, ஒரு பெண் மேசை மேலேயே மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள்.

"தேதி பொய் சொல்லாது செனோரா," என்று லிப்ராதா அவளிடமும் சொன்னாள். எல்லாரிடமும் சொல்வதுதான்.

ஜனவரியில் அவளுக்கே ஒரு போன் வந்தது. மகள் சுனில்தா ஸ்பெயினில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். போய் மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊருக்குத் திரும்பிய ஒருத்தியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். பெட்டியோடு ஒரு துண்டுக் காகிதம்: "அம்மா, உனக்காகப் புதுசா வாங்கினது. விமான நிலையத்துல கேள்வி கேப்பாங்கன்னு மேல் பிளாஸ்டிக்கை நானே கிழிச்சிட்டேன்." மாடல் கொஞ்சம் பழசுதான், ஆனால் கடையில் அதே மாடலை இன்னும் புதிதாக விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு கீறல் இல்லை. பதினோரு வருடமாக ஊரார் போனையெல்லாம் ஆன் செய்தவளுக்குச் சொந்தமாக இருந்தது பொத்தான் வைத்த பழைய போன் ஒன்றுதான்.

கடையில் உறை, சார்ஜர் விற்கிற வில்ஃப்ரிதோ அதைப் பார்த்துவிட்டு விடவில்லை. தெரெரே என்கிற ஐஸ் போட்ட இலைத் தேநீரை உறிஞ்சிக் குவளையை அவளிடம் நீட்டியபடி ஆரம்பித்தான்.

"செனோரா லிப்ராதா, அந்த அஞ்சு ஆப்பையும் இறக்கிக்கிட்டீங்களா?"

"எனக்கெதுக்கு? நான் என்ன சினிமா எடுக்கப் போறேனா?"

"பிப்ரவரியில ஐயாவுக்கு ரெண்டாம் வருஷப் பூசை வருதில்ல? கோயில்ல குடுக்கற நினைவு அட்டைக்கு பிரிண்டிங் கடைக்காரன் நம்ம தலையில மிளகா அரைப்பான். அந்த எழுதற ஆப்புல போட்டோ வெச்சு, பேரு வெச்சு, நானே அட்டை பண்ணித் தரேன். நம்பரை மட்டும் அடிங்க, தகுதி இருக்கான்னு பாத்துருவோம்."

"புதுசுதானே. இருக்கும்."

"ஊருக்கெல்லாம் பாத்துச் சொல்றீங்க. உங்களுக்குப் பாக்க மாட்டீங்களா?"

லிப்ராதா குவளையைக் கீழே வைத்துவிட்டு நம்பரை அடித்தாள். இலவசம் இல்லை என்று வந்தது. கீழே காரணமும் இருந்தது: முதலில் ஆன் செய்த தேதி, 2011 டிசம்பர் 9.

அந்தத் தேதியில் வேறு யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. எவுசேபியோ இறந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து, 2012 பிப்ரவரியில், ஒரு புதன்கிழமை. பஸ் நிலையத்தில் டிக்கெட் வரிசையில் நின்றவர் அப்படியே சரிந்தார். அப்போது சுனில்தாவிடம் போன் கிடையாது. கிடையாது என்றுதான் சொல்லியிருந்தாள். பழையது உடைந்துவிட்டது, புதிது வாங்க வசதியில்லை என்று சொல்லி, இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு அங்கிருந்த போன் பூத்திலிருந்து கூப்பிடுவாள். திருப்பிக் கூப்பிட இவர்களிடம் நம்பர் இல்லை. எவுசேபியோவைப் புதைத்தார்கள், ஒன்பது நாள் ஜெபமாலை முடிந்தது, வந்த ஜனங்கள் கலைந்தார்கள். பதினோராம் நாள்தான் சுனில்தா கூப்பிட்டாள். லிப்ராதா சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

அந்த ஒன்பது நாளும், "பெத்த அப்பன் செத்ததுக்கு ஒரு வார்த்தை பேசலியே உன் மக" என்று எத்தனையோ வாய் கேட்டது. "தெரிஞ்சாத்தானே பேசுவா? போன் இல்லாம அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?" என்று லிப்ராதா எல்லா வாயையும் அடைத்தாள். அவளிடம் மிச்சம் இருந்தது அந்த ஒன்றுதான். தெரிந்திருந்தால் மகள் அன்றே பேசியிருப்பாள். இரண்டு வருடமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினாள்.

அவள் திரையைப் பார்த்தபடியே இருந்ததால் வில்ஃப்ரிதோவும் எட்டிப் பார்த்தான்.

"அட, செகண்ட்ஹேண்ட்," என்றான். "பொண்ணை யாரோ ஏமாத்திட்டாங்க. இல்லாட்டி காசை மிச்சம் பிடிச்சிட்டு உங்ககிட்ட புதுசுன்னு சொல்லியிருக்கும். இதுக்கா மூஞ்சி இப்படிப் போகுது?"

மூஞ்சி எப்படியும் போகவில்லை. அது எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் அவன் சொன்னது நியாயம். எந்த நாளில் ஆன் ஆனது என்றுதான் தேதி சொல்லும், யார் கை ஆன் செய்தது என்று சொல்லாது. சுனில்தா இருக்கிற மலாகாவில் எவளோ ஒருத்தி வாங்கி, இரண்டு வருடம் வைத்திருந்து, போன மாதம் சுனில்தாவிடம் விற்றிருக்கலாம். நடக்காத காரியமா? இந்த மேசையில் தினமும் நடப்பதுதானே. செகண்ட்ஹேண்டாக இருக்க வேண்டும் என்று லிப்ராதா நினைத்தாள். போன் கெட்டுப்போனால்கூடப் பரவாயில்லை, அடுத்தவள் போனாக இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மண்டியோக்காக் கிழங்கை அடுப்பில் வேகப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது சுனில்தா கூப்பிட்டாள். அங்கே மதியம். கிழவர் தூங்குகிறார் போல, மெதுவாகப் பேசினாள்.

"அம்மா, போன் எப்படி இருக்கு? அந்த ஓசி ஆப் எல்லாம் வந்துச்சா?"

"வரல டி. போன் பழசாம். டிசம்பர் ஒம்பது, ரெண்டாயிரத்துப் பதினொண்ணுன்னு காட்டுது."

சுனில்தா சிரித்தாள்.

"உன் பொழப்பே அதுதான்னு மறந்தே போயிட்டேன் பாரு. செகண்ட்ஹேண்ட்தாம்மா. கூட வேலை பாக்கற ஈக்வடார்காரி ஒருத்திகிட்ட வாங்கினேன். புதுசுன்னு சொன்னா நீ சந்தோஷப்படுவியேன்னு..."

லிப்ராதாவுக்கு நிம்மதியாக இருந்தது. சரி என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் இப்போதெல்லாம் அவளுக்கு எந்த வார்த்தையும் உடனே வாயில் வருவதில்லை. சந்தோஷமாக இருந்தாலும் வருவதில்லை. கிழங்குப் பானையின் மூடி தடதடத்தது. எழுந்து போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த அமைதியை மகள் வேறு மாதிரி புரிந்துகொண்டாள்.

"அம்மா," என்றாள் சுனில்தா. "உனக்குத் தெரிஞ்சு போச்சு, இல்ல?"

லிப்ராதா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஈக்வடார்காரியெல்லாம் இல்ல. என்னோடதுதான். முதல் வருஷக் கடைசியில கிழவரோட பொண்ணு வாங்கிக் குடுத்தது."

"அப்போ போன் பூத்து?"

"சும்மா சொன்னேன். இதுலேர்ந்துதான் பேசினேன், நம்பர் தெரியாம மறைச்சு வெச்சு. உங்களுக்கு நம்பர் தெரிஞ்சா கூப்பிடுவீங்க. கூப்பிட்டு வான்னு சொன்னா வந்துருவேன். மூணு வருஷம் இங்கேயே கிடந்தாத்தான் சட்டப்படி தங்கறதுக்குக் காகிதம் தருவாங்க. நடுவுல வெளியேறினா திரும்ப உள்ள விட மாட்டாங்க. எனக்கு அப்ப ரெண்டு வருஷம்கூட ஆகல."

"அப்பா விஷயம்?"

"நிமியாகிட்ட மட்டும் நம்பர் இருந்துச்சு."

நிமியா லிப்ராதாவின் அக்கா மகள். ஒன்பது நாளும் ஜெபமாலைக்கு வந்து, கூடை கூடையாகச் சீப்பா ரொட்டி சுட்டுக் கொடுத்தவள். ஊர் வாய்களுக்கு லிப்ராதா பதில் சொன்னபோதெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள்.

"மூணாம் நாளே சொல்லிட்டா," என்றாள் சுனில்தா. "நான்தான் உன்கிட்ட வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். உடனே கூப்பிட்டா நீ அழுவ, நான் கிளம்பிருவேன்னு பயம். எல்லாம் அடங்கட்டும்னு இருந்தேன். பதினோராம் நாள் நீ சொன்னப்ப, அப்பத்தான் கேக்கற மாதிரி அழுதேன்."

"நல்லாத்தான் அழுத."

குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

"அது நிஜ அழுகைதாம்மா. என்னைத் திட்டிடும்மா. ஏதாவது சொல்லு."

லிப்ராதா யோசித்துப் பார்த்தாள். கோபம் வருகிறதா என்று தனக்குள் தேடிக்கூடப் பார்த்தாள். மோதிரத்தைக் கழற்றி வைத்த அந்தப் பெண்ணுக்கு வந்த கோபத்தில் கால்வாசி வந்திருந்தாலும் போதும்.

"திட்ட வரல டி," என்றாள். "எனக்கு எதுவுமே வரல. ஒம்பது நாளும் வீடு நிறைய ஆளு. எல்லாருக்கும் தண்ணி குடுக்கணும், பதில் சொல்லணும். அவங்க போகட்டும், அப்புறம் தனியா உக்காந்து அவருக்காக அழுதுக்கலாம்னு ஒத்திப் போட்டு வெச்சிருந்தேன். பதினோராம் நாள் நீ கூப்பிட்ட. அரை மணி நேரம் உன்னைத் தேத்தினேன். நான் அழுதா நீ அங்க தனியா என்ன ஆவியோன்னு பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன். நீ வெச்சதுக்கப்புறம் உக்காந்து பாத்தேன். வரல. இன்னிக்கு வரைக்கும் வரல."

அந்தப் பக்கம் சுனில்தா அழ ஆரம்பித்தாள்.

"அழாத மகளே" என்று சொல்ல லிப்ராதாவின் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டாள். போனைக் காதிலிருந்து எடுக்காமல், ஒரு வார்த்தை பேசாமல், மகள் அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.