காய்ச்சல் விட்டுடுச்சு சார்

எங்கள் கல்லூரியில் அந்த மெஷின் இல்லை. பிளாஸ்டிக் இழையை உருக்கி, அடுக்கு அடுக்காகப் பொருளைக் கட்டி எழுப்பும் மெஷின். சென்னையில் ஒரு கல்லூரி ஆய்வகம் தன்னுடையதை வெளியூர் மாணவர்களுக்கும் திறந்துவிட்டிருந்தது. வரைந்ததை இணையத்தில் அனுப்பிவிட்டால், நம் முறை வரும்போது கேமராவில் பார்த்துக்கொண்டே இங்கிருந்து ஓட்டலாம். ஒரு குழுவுக்கு ஒரே லாகின். எங்களுடையது என் நண்பன் பெயரில் இருந்தது.

கடலை உடைக்கும் கை மெஷினுக்கு ஒரு கைப்பிடி, அதுதான் எங்கள் கடைசி வருஷ புராஜெக்ட். கீழ்பென்னாத்தூரில் அதைச் சுற்றிச் சுற்றி அவன் அம்மாவின் உள்ளங்கை கொப்புளம் போட்டிருந்தது. எதற்கென்று அவரிடம் சொல்லாமல், சப்பாத்தி மாவைப் பிடிக்கவைத்து விரல் பள்ளங்களை அளந்தான். நான் பக்கத்தில் நின்று நக்கலடித்ததோடு சரி.

எங்கள் முறைக்குப் பத்து நாள் முன்பு காய்ச்சலில் செத்துப்போனான்.

பெயரை மாற்றச் சொன்னால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அதற்குள் வைவா முடிந்துவிடும். எனக்கு மார்க் வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊர் ஆசிரமத்துப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில், மெயில் பார்க்கும் வெள்ளைக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து அவன் பாஸ்வேர்டை அடித்தேன். அவன் பெயர் சொல்லித் திரை வரவேற்றது. சென்னை ஆய்வகத்து ஆபரேட்டர் ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்தார்.

"தம்பி, நீதானே? வேற யாரும் ஓட்டக் கூடாது."

"நான்தான் சார்."

"போன தடவ காய்ச்சல்னியே, விட்டுடுச்சா?"

"விட்டுடுச்சு சார்" என்று அடித்தேன்.

படம் நிமிஷத்துக்கு ஒருமுறை மாறியது. ஒவ்வொரு தடவையும் விரல் பள்ளம் கொஞ்சம் கூடியிருந்தது. பக்கத்து நாற்காலியில் அவன் இருக்கிறான் என்றே பட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

செய்து முடித்த கைப்பிடி பார்சலில் அவன் வீட்டு முகவரிக்குத்தான் போகும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. வாங்கிவரப் போனபோது அவன் அம்மா கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நாலு விரலும் அச்சாகப் பொருந்தியிருந்தன.

"எனக்குன்னே செஞ்சிருக்கான் பா" என்றவர், கூடவே வந்த சீட்டை நீட்டினார். "காய்ச்சல் விட்டதுல சந்தோஷம் தம்பினு எழுதியிருக்காங்க. அவன் போனதுக்கு அப்புறம் தேதி போட்டிருக்கு. அவங்களுக்கு யாரு பா சொன்னது?"

"தெரியலம்மா."

சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அப்போ அவன்தான் சொல்லியிருப்பான். எங்கியோ நல்லா இருக்கான்."

கைப்பிடியைக் கேட்காமலே பஸ் ஏறினேன். வைவாவில் வரைபடத்தை மட்டும் காட்டினேன். சொன்னது நான்தான் என்று அந்த அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.