அக்கா சமைக்காத நத்தார்

பெட்டித் தொழிற்சாலை பின்னால் மறைந்த பிறகும் நான் நடந்துகொண்டுதான் இருந்தேன். பஸ் தரிப்பில் நின்றால் கால் விறைத்துவிடும், நடந்தால் பரவாயில்லை. கிறிஸ்மஸ், எங்கள் பேச்சில் நத்தார், வர இன்னும் இரண்டு நாள் கிடந்தது. விடுமுறைக்குப் பிறகு ஆட்களைக் குறைக்கிறோம், தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்று மேற்பார்வையாளர் சொன்னார். கனடாவில் இவ்வளவு காலம் இருந்தவனுக்கு அதன் அர்த்தம் தெரியாதா? கையுறைகளைக் கழற்றி அவருடைய மேசையில் வைத்துவிட்டு வெளிக்கிட்டேன்.

பெரிய கவலை என்று ஒன்றும் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அதன் பிறகு எந்த வேலையிலும் இரண்டு குளிர்காலம் சேர்ந்தாற்போல் நான் நின்றதில்லை. கோழி வெட்டியிருக்கிறேன், ஹோட்டல் படுக்கை விரிப்புகள் தோய்த்திருக்கிறேன், பனி வழித்திருக்கிறேன். இடையில் சில மாதங்கள் ஒரு நண்பனின் நிலக்கீழ் அறையில் அவனுடைய சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறேன். அந்த இயந்திரம் நல்ல சூடு.

சந்தியைக் கடக்கும்போது போன் அடித்தது. ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அண்ணை.

"எங்கை நிக்கிறாய்?"

"றோட்டிலை."

"வேலை?"

"போட்டுது."

"நல்லதாப் போச்சு. பாஸ்போர்ட் கிடக்கோ?"

அண்ணையும் அவர் மனைவியும் ஊரில் தீவுப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். நான் சைவ சமயம். ஆனால் வேலை இல்லாத நாட்களில் எனக்குச் சோறு போட்டதால் அவரை அண்ணை என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் உரிமையோடு கூப்பிடுவேன். வான்கூவரில் இருக்கும் மகள் பெற்றோருக்கு நத்தார்ப் பரிசாக அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் உள்ள சவானா என்ற பழைய நகரத்தில் ஒரு விடுதியில் அறை எடுத்துக் கொடுத்திருந்தாள். அக்கா எப்போதோ அந்த ஊரின் படங்களைப் பார்த்து, பனி இல்லாத நத்தார் ஒன்று வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். அண்ணை விமானத்தில் ஏறமாட்டார். கனடாவுக்கு வந்த வழியில் விமான நிலையம் விமான நிலையமாகப் பிடிபட்டவர், இனிக் கால் வைப்பதில்லை என்று அப்போதே முடிவு எடுத்துவிட்டார். காரில் தூரம் ஓட்டினால் இடுப்பில் நாரி பிடிக்கும். ஆகவே பாதி வழி ஓட நான் தேவைப்பட்டேன்.

அன்று பின்னேரமே வெளிக்கிட்டோம். நெடுஞ்சாலையில் ஏறியதும் பின் ஆசனத்தில் இருந்த அக்கா சொன்னார்:

"ரெண்டு பேரும் காதைக் குடுத்துக் கேளுங்கோ. திரும்பி வாற மட்டும் நான் அடுப்புக்குக் கிட்டப் போகமாட்டன். சாப்பாடு என்ன எண்டு ஒருத்தரும் என்னைக் கேக்கப்படாது."

"ஆர் கேட்டது?" என்றார் அண்ணை.

"கேப்பியள். அதுதான் இப்பவே சொல்லுறன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அண்ணைக்கு இறைச்சி வெட்டவும் கல்லாவில் நின்று ஆட்களோடு கதைக்கவும் தெரியும். சமையல் எல்லாம் அக்கா. ஸ்காபரோவில் நத்தார் என்றால் பார்ட்டி, பார்ட்டி என்றால் கிழங்கும் இறைச்சியும் வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸும் கறியும் தட்டுத் தட்டாகப் போகவேண்டும். கடை தொடங்கிய நாளில் இருந்து அக்கா ஒவ்வொரு நத்தாருக்கும் விடிய ஐந்து மணியில் இருந்து அடுப்படியில் நின்றிருக்கிறார். பூசைக்குக்கூட எண்ணெய் மணத்தோடுதான் ஓடுவார். இந்த ஒரு நத்தாராவது அடுப்பில்லாமல் போகவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

எல்லையில் அமெரிக்க அதிகாரி, சாப்பாட்டுச் சாமான் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். அண்ணைக்கு அதிகாரிகளிடம் உண்மை பேசும் நோய் உண்டு. இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து எல்லாவற்றையும் காட்டினார். அக்காவுக்குத் தெரியாமல் அவர் ஏற்றியிருந்த பெரிய குளிர்ப்பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸும் மட்டன் கறியும். இறைச்சி போகமுடியாது என்று அதிகாரி மரியாதையாகச் சொல்லி எல்லாவற்றையும் குப்பையில் போட்டார். அரிசி, தகரத்தில் அடைத்த மீன் ரின்கள், எண்ணெய், வெங்காயம், காய்ந்த செத்தல் மிளகாய், கறித்தூள், ஒரு சட்டி, ஒரு சின்னக் கரண்ட் அடுப்பு ஆகியவற்றை விட்டுவிட்டார்.

"உதுகளை ஏன் ஏத்தினனீங்கள்?" என்று அக்கா கேட்டார்.

"ஒரு பாதுகாப்புக்கு."

"ஆருக்கு? எனக்கோ?"

அதன் பிறகு பென்சில்வேனியா மாநிலம் முழுவதும் அக்கா போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தார்.

சவானாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது நத்தாருக்கு முதல் நாள் மத்தியானம். நான் குளிர் உடுப்பைக் கழற்றிக் காரின் பின்னால் எறிந்தேன். வீதிக்கு வீதி சின்னச் சின்னச் சதுக்கங்கள், ஒவ்வொன்றிலும் பெரிய மரங்கள், கிளைகளில் இருந்து சாம்பல் நிறப் பாசி தாடிபோலத் தொங்கியது. கதவுகளில் பச்சை இலை வளையங்கள். குதிரை வண்டிகள் போயின. ஆற்றங்கரையில் பழைய பருத்திக் கிடங்குகள் இப்போது கடைகளாக இருந்தன. விடுதிச் சுவரின் செங்கற்களில் சிலவற்றில் விரல் பதிந்த குழிகள் தெரிந்தன. ஈரமாக இருக்கும்போது அடிமைகள் கையால் தூக்கியதால் வந்தவை என்று விடுதி நடத்தும் அம்மா சொன்னார். அவரும் கறுப்பினத்தவர், அறுபது வயதிருக்கும். அக்கா ஒரு குழியில் தன் விரலை வைத்துப் பார்த்தார். அளவாக இருந்தது. "பொம்பிளையின்ரை கை போல" என்று மட்டும் சொன்னார்.

அந்த அம்மா எல்லோரையும் 'ஹனி' என்றுதான் கூப்பிட்டார். என்னையும். என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

நத்தார் காலையில் அவர்கள் இருவரும் பெரிய கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்குப் போனார்கள். நானும் போய்ப் பின் வரிசை வாங்குப் பலகையில் இருந்தேன். அக்கா சேலை உடுத்தி, தலையில் பூவும் வைத்து, சோப் மணத்தோடு இருந்தார். பூசை நீண்டது. விடுதிக்கு வந்தால் காலைச் சாப்பாடு முடிந்து கோப்பைகளும் கழுவியாகிவிட்டது.

"பரவாயில்லை, வெளியிலை பாப்பம்" என்றார் அண்ணை.

அங்கேதான் எங்கள் கணக்குப் பிழைத்தது. ஸ்காபரோவில் எந்தத் திருநாளானாலும் யாராவது ஒரு கடை திறந்திருக்கும். நத்தாருக்குக் கிறிஸ்தவன் பூட்டினால் சைவக்காரன் திறப்பான், இரண்டு பேரும் பூட்டினால் சீனக்காரன் திறப்பான். உலகம் முழுவதும் அப்படித்தான் என்று நாங்கள் மூவரும் நம்பியிருந்தோம். சவானாவில் சதுக்கம் சதுக்கமாக நடந்தோம். எல்லாக் கதவிலும் இலை வளையம், எல்லாக் கதவும் பூட்டு. திறந்திருந்த ஒரு பெரிய ஹோட்டலில், ஒரு மாதத்துக்கு முன்பே இடம் பதிந்திருக்கவேண்டும் என்றார்கள்.

விடுதி வாசலில் அண்ணை அக்காவின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

"பாக்கவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அக்கா எதிரே இருந்த சதுக்கத்துக்குப் போய் ஒரு வாங்கில் இருந்துகொண்டார்.

அண்ணை என்னை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். கரண்ட் அடுப்பை ஜன்னலோரம் வைத்தோம். எண்ணெய் சூடானதும் நான் வெங்காயத்தைப் போட்டேன். அண்ணை செத்தல் மிளகாயை ஒரு பிடி அள்ளிப் போட்டார்.

"அண்ணை, கூடிப்போச்சு!"

"உறைப்பு இல்லாட்டி அவள் தின்னமாட்டாள்."

மிளகாய் கறுத்தது. முதலில் எனக்கு இருமல் வந்தது, பிறகு அண்ணைக்கு, பிறகு பக்கத்து அறையில் யாரோ ஒருவருக்கு. ஜன்னலைத் தள்ளினேன். நூற்றாண்டுக் கணக்கான பெயின்ட் அதைப் பிடித்து வைத்திருந்தது. அப்போது அலாரம் கத்தத் தொடங்கியது.

விடுதியில் இருந்த எல்லோரும் சதுக்கத்துக்கு இறங்கினார்கள். ஒரே மாதிரி மான் படம் போட்ட பிஜாமா அணிந்த ஒரு கிழத் தம்பதி, கையில் கேக் துண்டோடு ஒருவர், கண்ணைக் கசக்கிக்கொண்டு நாங்கள். தீயணைப்பு வண்டி வந்தது. உள்ளே போன இளைஞன் தும்மிக்கொண்டே வெளியே வந்து, நெருப்பில்லை, ஆனால் அது என்ன ஆயுதம் என்று கேட்டான்.

மணம் பட்டதுமே அக்கா வாங்கை விட்டு எழுந்தார். எங்களை நோக்கிக் கொஞ்சத் தூரம் வந்தும்விட்டார். கைகள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகத் தொடங்கியிருந்தன. இனி மேலே போய்ச் சட்டியைக் கையில் எடுப்பார், இந்த நத்தாரும் போனது என்று நினைத்தேன். அவர் நின்றார். தலைப்பை இழுத்து விட்டார். திரும்பிப் போய் அதே இடத்தில் இருந்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

விடுதி அம்மாவுக்குக் கோபம். அறையில் சமைப்பது குற்றம் என்று அண்ணையை அந்த மரங்களின் கீழ் நிற்கவைத்து ஏசினார். ஏசி முடித்ததும், நத்தார் நாளில் எவரையும் பட்டினியாக விடமுடியாது, கீழே தன் குசினி இருக்கிறது, இறாலும் இருக்கிறது, நீ வந்து சமை ஹனி என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

அக்கா எழும்பவில்லை. தன் கடை ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார்: புகை போட்டவர்கள் அவர்கள், அவர்களே சமைக்கட்டும்.

விடுதி அம்மா ஒரு கணம் அக்காவைப் பார்த்தார். பிறகு தன் ஏப்ரனைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார்.

அவருடைய குசினியில் அண்ணை வெட்டினார், நான் அடுப்படியில் நின்றேன். அந்த ஊர்க்காரரும் எங்களைப்போலச் சோறு தின்கிறவர்கள். தக்காளி போட்டுச் சிவப்பாக ஆக்கிய சோறு அங்கே ஏற்கெனவே இருந்தது. இந்த முறை மிளகாயை நான்தான் போட்டேன், அளவாக. பெண்கள் இருவரும் மேசையில் தேநீரோடு இருந்து, எங்களைக் காட்டிக் காட்டிக் கதைத்தார்கள். ஆளுக்கொரு மொழியில் ஏசியதாகவும் ஞாபகம்.

அண்ணை சோறும் இறாலும் போட்ட முதல் கோப்பையை அக்காவின் முன் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

"இறாலை ரப்பர் ஆக்கிப்போட்டியள்" என்றார் அக்கா. இன்னொரு வாய் எடுத்தார். "உப்புக் கூட." இன்னொரு வாய். "தாளிச்சது ஆர்?"

"உவன்தான்."

"ம்." கோப்பையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் போடுங்கோ."

பின்னேரம் ஆற்றங்கரையில் நடந்தோம். பெரிய கப்பல் ஒன்று கிட்டத்தட்ட வீதியில் வருவதுபோல வந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அது எங்கே போகும் என்று யோசித்தபடி. பக்கத்தில் அக்கா சொல்வது கேட்டது.

"இஞ்சாருங்கோ, இனி விடிய அஞ்சு மணிக்குக் கடைக்கு நான் வரமாட்டன். பத்து மணிக்கு வாறன்."

"பிறகு ஆர் சமைக்கிறது?"

"இண்டைக்கு ஆர் சமைச்சது?"

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். "உவனோ? உவன் ஓரிடத்திலை நிக்கமாட்டான்."

"நிக்கிற மட்டும் நிக்கட்டும்."

என்னை யாரும் கேட்கவில்லை. நானும் கப்பலைப் பார்ப்பதை விடவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் அக்கா பின் ஆசனத்தில் நீட்டிப் படுத்து நல்ல நித்திரை. ஸ்காபரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

வந்து சேர்ந்த அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு அண்ணை கடையைத் திறந்துவிட்டார். ஒரு மூட்டை வெங்காயத்தை என் முன் இறக்கினார். புது வருடத்துக்கு ரோல்ஸ் ஓடர் சொல்ல வந்த முதல் ஆள், பஸ் ஓட்டும் மனிதர், அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார்.

"அண்ணை, அக்கா எங்கை? சுகமில்லையோ?"

"நல்ல சுகம்" என்றார் அண்ணை. "நித்திரை கொள்ளுறா."

நான் ரோல்ஸுக்கு அவிந்த கிழங்கை இறக்கிவிட்டுச் சட்டியை அடுப்பில் வைத்தேன்.