சிவப்புக் கையுறை

எங்கள் பட்டறையில் ரஸ்ஸல் என்று ஒருவர் இருந்தார். அச்சடித்துக் காய்ந்த பனியன்களை மடித்துப் பெட்டியில் அடுக்குவது அவர் வேலை. நீலப் பனியன் என்றால் வெறும் கையால் மடிப்பார். சிவப்புப் பனியன் வந்துவிட்டால் கையுறை மாட்டிக்கொள்வார். சாயம் ஒத்துக்கொள்ளாத உடம்பு போலிருக்கிறது, பாவம் என்று நினைத்து, வந்த புதிதில் ஒருநாள் கேட்டே விட்டேன்: "கை அரிக்குதா?" அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆமா, பிறந்ததிலிருந்தே அரிக்குது" என்றார். எனக்கு விளங்கவில்லை. ஊரிலிருந்து என் மனைவி செல்வி கொண்டுவந்திருந்த தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதையும் வாங்கிக்கொண்டார், நல்ல மனுசன்.

பிறகுதான் தெரிந்தது. இந்த மாநிலத்தில் பெரிய பல்கலைக்கழகங்கள் இரண்டு. ஒன்றுக்கு நீலம், மற்றதுக்குச் சிவப்பு. வருசத்துக்கு ஒரு தடவை, நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, இரண்டும் ஃபுட்பால் ஆடும். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் பாய்கிற ஆட்டம். தாத்தன் காலத்துப் பகை. புருசன் நீலம், பொண்டாட்டி சிவப்பு என்று வீட்டு வாசலில் இரண்டு கொடி தொங்கும். இத்தனைக்கும் ரஸ்ஸல் இரண்டு பல்கலைக்கழகத்து வாசலையும் படிப்புக்காக மிதித்தவர் இல்லை. பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவர். என்னை மாதிரி.

முதலில் எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. செல்விக்கு நர்ஸ் வேலை கிடைத்து நாங்கள் கடல் தாண்டி இங்கே வருவதற்கு முன்னால் நான் சிவகாசியில் ஆப்செட் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன். தேர்தல் சீசனில் ஒரே மிஷினில் காலையில் ஒரு கட்சி போஸ்டர், சாயங்காலம் எதிர்க்கட்சி போஸ்டர். எங்கள் மேஸ்திரி கத்துவார்: "ஏலே, ரோலரை நல்லாக் களுவுலே! இவுக சிரிப்புல அவுக கலர் ஒட்டிச்சுன்னா, ரெண்டு பேரும் ஒண்ணு சேந்து நம்மளத்தான் மிதிப்பாக!" இங்கேயும் அதே பாடுதான். காலையில் நீல ஆர்டர், மத்தியானம் சிவப்பு ஆர்டர். என் நகக்கண்ணில் இரண்டு மையும் இருக்கும். ரஸ்ஸல் என் கையைப் பார்த்து, "நீ எந்தப் பக்கம்தான்யா?" என்று கேலி பண்ணுவார்.

அப்படிப்பட்டவர் ஆட்டம் இருந்த வாரம் புதன்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். நானும் செல்வியும் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி மார்லீன் எங்களை உட்காரவைத்து, அடக்கம் திங்கட்கிழமை என்றாள். சொந்தக்காரர்கள் தூரத்திலிருந்து வர வேண்டுமோ என்று கேட்டேன்.

"இல்லை. சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறதே, யார் வருவார்கள்?" என்றாள். மழை பெய்கிறதே என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். ரஸ்ஸலின் தம்பி வெய்ன் சவப்பெட்டியைத் தூக்க வேண்டும். கூடப்பிறந்தது அவன் ஒருவன்தான். வெய்ன் சிவப்புக்காரன். ரஸ்ஸலின் விருப்பப்படி பெட்டி நீலம், மேலே போர்த்துவது நீலக்கொடி. "அந்த நிறத்தை நான் தொட மாட்டேன் என்று அண்ணனுக்கே தெரியும்" என்று போனில் சொல்லிவிட்டானாம். புருசன் செத்ததைச் சொல்லும்போது அழாமல் சொன்னவள், இதைச் சொல்லும்போது அழுதாள். பட்டறை சார்பில் நீயும் ஒரு கை கொடு என்று என்னைக் கேட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை நான் வெளியே போகவில்லை. மைதானத்தில் ஒவ்வொரு தடவை புள்ளி எடுக்கும்போதும் வாணம் விட்டார்கள். எங்கள் வீட்டுச் சன்னல் அதிர்ந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பியதும் வெடிமருந்து வாடை வந்தது. ஊரெல்லாம் கூத்தாடுகிறது, அந்த மனுசன் குளிர்பெட்டியில் கிடக்கிறார் என்று நினைத்து எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினேன்.

இந்த மருந்து வாடை எனக்குப் புதிது இல்லை. சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தம் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். பெரியப்பா மகன் முனியாண்டி அண்ணனும், அந்தத் தெருக் கருப்பசாமியும் ஒரே பட்டாசுக் கம்பெனியில், ஒரே அறையில் மருந்து செலுத்தினார்கள். ஆடி மாசம் இருக்கன்குடி கோயிலுக்கு நடந்து போகும்போது இருவருக்கும் ஒரே தண்ணிக் கேன்தான். அந்த அறை வெடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேரையும் வெள்ளைத்துணியில் சுற்றி ஒரே வேனில் கொண்டுவந்தார்கள். ஊர் எல்லையில் பாதை இரண்டாகப் பிரியும். எங்கள் தெரு வழியாக நேரே போனால் எங்கள் சுடுகாடு. அந்தத் தெருக்காரர்கள் காட்டுப் பாதையில் சுற்றித்தான் அவர்கள் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். வேனை ஓட்டி வந்தவர் வெளியூர். "நேரே போயிரலாமுல்ல?" என்று கேட்டார். பெரியப்பா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். துண்டை எடுத்துவிட்டுச் சொன்னார்: "அதை இங்கன இறக்கிருங்க. அவுக சுத்திக் கொண்டு போவாக." சொல்லிவிட்டுத் துண்டை மறுபடி அடைத்துக்கொண்டார்.

கருப்பசாமியின் பொண்டாட்டி கேட்டாள்: "ஒண்ணா வேகுறப்ப எந்தத் தெருன்னு கேட்டீகளா?"

வேனின் பின்கதவைத் திறந்தார்கள். நானும் அங்கேதான் நின்றேன்.

இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். ரஸ்ஸலும் வெய்னும் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். இங்கே எந்தத் தெருவும் யாருக்கும் அடைபடவில்லை. இவர்களுக்கு இது விளையாட்டு. ஆனாலும் தொட மாட்டேன் என்ற வார்த்தை எந்தப் பாஷையில் வந்தாலும் என் காது அதைக் கண்டுகொள்கிறது.

திங்கட்கிழமைக்காக நானும் செல்வியும் முந்தின நாள் உட்கார்ந்து ஊசி நூலில் ரோஜா மாலை கோத்தோம். நம் ஊரில் வெறும் கையோடு துக்கத்துக்குப் போக முடியுமா? கடையில் சிவப்பு ரோஜா நிறையக் கிடந்தது, அதையே அள்ளிக்கொண்டு வந்திருந்தேன். பகல் முழுக்க அந்த இரண்டு நிறத்திலேயே புழங்குகிற எனக்கு அப்போது வேறொன்றும் தோன்றவில்லை. செத்தவருக்கு ரோஜா மாலை, அவ்வளவுதான். சர்ச் மண்டபத்தில் நீலக்கொடி போர்த்திய பெட்டிமேல் மாலையைப் போட்டுக் கும்பிட்டேன்.

முன்வரிசைக்காரர்கள் மாலையை எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார். பிறகு மொத்த மண்டபமும் சிரித்தது. கட்டையாக, ரஸ்ஸலின் அச்சில் ஒருவன் வந்து என் முதுகில் தட்டினான். வெய்ன்! "சபாஷ்! நீ எங்க ஆளா? சொல்லவே இல்லையே!" என்றான்.

"இது மரியாதை. எங்கள் ஊர் வழக்கம்" என்றேன்.

"ஆமா ஆமா, ஜெயிச்சவனுக்கு மரியாதைதான்!" என்று இன்னும் பெரிதாகச் சிரித்தான். சனிக்கிழமை சிவப்புதான் ஜெயித்திருந்தது. ரஸ்ஸல் அதைப் பார்க்காமல் போனதே புண்ணியம் என்று ஒரு அம்மா எனக்குக் கேட்கவே சொன்னாள். மார்லீனின் அக்கா மகன் வந்து மாலையை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். கோபமாக இல்லை, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

பெட்டியைத் தூக்குகிற நேரம் வந்தது. நான் மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு என் இடத்தில் நின்றேன். எதிர்ப்பக்கம் ஒரு பிடி காலியாக இருந்தது. எல்லாரும் வெய்னைப் பார்த்தார்கள். அவன் எழுந்தான். கோட்டுப் பையிலிருந்து சிவப்புக் கம்பளிக் கையுறைகளை எடுத்தான். ஒவ்வொரு விரலாக நிதானமாக மாட்டினான். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான். கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. பிறகு வந்து பிடியைப் பிடித்தான்.

மார்லீன் சிரித்துக்கொண்டே அழுதாள். "பார்த்தீங்களா ரஸ்ஸல், வந்துட்டான்!" என்றாள்.

அவள் ஆசை நிறைவேறியது. அதைக் குறை சொல்ல நான் யார்? பெட்டியின் கனம் கையில் ஏறியபோது வெய்னின் உதடு கோணியதையும் பார்த்தேன். அழ வந்தவனுக்கு அழுவதற்கும் ஒரு உறை வேண்டியிருக்கிறது. தூ என்று துப்பத் தோன்றியது. யார்மேல் துப்புவது? துண்டை எடுத்துவிட்டு வாய் திறந்த பெரியப்பாவின் முகம்தான் எதிரே தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் செல்வி வாசலில் வாளியும் சொம்புமாக நின்றாள். துக்கத்துக்குப் போய்வந்து அப்படியே உள்ளே நுழைய எங்களுக்கு இன்னும் மனசு வருவதில்லை. நவம்பர் குளிரில் நான் வாசற்படிக்குக் கீழே நின்று காலைக் கழுவினேன். எதிர்வீட்டுக்காரர் கையசைத்தார், என்ன செய்கிறான் இவன் என்று நின்று பார்த்தார்.

"போதும், வெறைச்சுப் போவீக. உள்ள வாங்க" என்றாள் செல்வி.

காரின் பின்சீட்டில் மாலை கிடந்தது. சாவுக்குக் கொண்டுபோன மாலையை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. கல்லறையிலும் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். குப்பைத் தொட்டியில் போட எனக்குக் கை வரவில்லை. ஈரக்காலோடு படிக்கு வெளியே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.